கேட்டு வந்த துவக்கு

துவக்கு என்பது எங்களில் யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத பொருள். வெடிச் சத்தத்தைக் கேட்டே அது எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில் என்று சொல்லக்கூடிய பெண்கள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் துவக்கு ஒன்றைக் கடையில் விலை கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, குடும்பச் செலவுக் கணக்குக்குள் அடக்கி வாங்கிய அனுபவம் எங்களில் மிகச் சிலருக்கே இருக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, இப்போது கனடாவில் ஸ்காபரோவில் வாழும் எனக்கு அது வாய்த்தது. துவக்கின் பெருமையைச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு துவக்கு வீட்டுக்குள் வருவதற்கு முன்னர் அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கும் முறை ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதை என் சகோதரிகளும் அறியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் கணவர் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். அவருடன் வேலை செய்யும் வயதான கனடியர் ஒருவர் பல வருடங்களாக நெடுந்தூரக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டு வருபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த என் கணவர், பிறகு ஒரு கிழமையாக வேறு கதையே கதைக்கவில்லை. தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, 300 மீற்றரில் இருந்து 900 மீற்றர் வரை தூரத்தில் நிற்கும் கடதாசி இலக்கில் ஒவ்வொரு வெடியாகச் சுடுவார்களாம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எந்த உயிருக்கும் சேதமில்லை. கனடாவில் இதற்கான தேசிய சங்கம் 1868 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் கொனோட் என்னும் சுடுதளத்தில் நாடளாவிய போட்டிகள் நடக்கும்.

“உங்களுக்கு விளையாட வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“இது ஆளைச் சுடுற துவக்கில்லையப்பா. கடதாசியைச் சுடுறது” என்றார்.

“கடதாசியைச் சுடுற துவக்கு ஆளைச் சுடாதோ?”

அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. என் அண்ணன் வெடிபட்டு இறந்தவர் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் ஏழு வயது மகன் இருக்கிறான் என்பதும் தெரியும். ஆகவே அவர் மேலே வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த ஆசை அவரை விட்டுப் போகவுமில்லை. இடையிடையே எனக்குக் கதைகள் சொல்வார். இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் நடக்கும் அரசர் பரிசுப் போட்டியை 1930 ஆம் ஆண்டில் மார்ஜரி ஃபொஸ்ரர் என்ற பெண் வென்றாராம். அந்தப் பரிசை வென்ற முதற்பெண் அவர்தான். கோழி வளர்த்துப் பிழைத்தவர். இராணுவ அதிகாரி ஒருவரை ஒரேயொரு புள்ளியால் முந்தினார். 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் மார்கரெற் மேர்டொக் என்ற அமெரிக்கப் பெண், ஆண்களோடு போட்டியிட்டு முதலாம் இடத்துக்குச் சமமான புள்ளிகள் எடுத்தார். விதிப்படி அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. ஆனால் தங்கம் பெற்ற லனி பாஷம், மேடையில் தன் பக்கத்திலேயே அவரை ஏற்றி நிறுத்தினார். கேட்க நல்லாகத்தான் இருந்தது. இருந்தும் என் மனம் இளகவில்லை.

பிறகு ஒருநாள் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். “இஞ்சரும், இதிலை நீரும் கையெழுத்து வைக்கவேணும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். கனடாவில் துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் 80 வீதம் எடுக்கவேண்டும். விண்ணப்பிப்பவரை அறிந்த இரண்டு பேரின் பெயர் கொடுக்கவேண்டும். மனநலம், குடும்ப வன்முறை, பொலிஸ் வழக்கு பற்றியெல்லாம் கேள்விகள் உண்டு. முதல் முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்கவேண்டும். இவற்றோடு, இப்போதைய துணையின் விபரமும், கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்த துணை இருந்தால் அவருடைய விபரமும் எழுதி, அவர்களின் கையெழுத்தும் பெறவேண்டும். கையெழுத்து இல்லாமல் அனுப்பினால், உரிமம் கொடுக்கும் அலுவலகமே அந்தத் துணைக்கு அறிவிக்கும். பயமோ சந்தேகமோ உள்ள பெண் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும் இலவச இலக்கம் இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. அதே மொன்றியல் நகரத்தில் 1989 டிசெம்பர் 6 ஆம் திகதி, பொறியியல் கல்லூரி ஒன்றுக்குள் ஒருவன் புகுந்து, வகுப்பறையில் ஆண்களையும் பெண்களையும் பிரித்துவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று 14 பெண்கள் இறந்தார்கள். அது சட்டப்படி வாங்கிய துவக்கு. உயிர் தப்பிய மாணவிகளும் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் ஓயாமல் போராடினார்கள். 1991 இலும் 1995 இலும் துவக்குச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. அவன் பாவித்த வகைத் துவக்கு 2020 மே மாதம் 1500 வரையான வேறு மாதிரிகளோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டது. 2023 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம், பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்ட ஒருவருக்கு உரிமம் இல்லை என்று வகுத்தது. டிசெம்பர் 6 ஆம் திகதி இன்றும் கனடாவில் பெண்களுக்கு எதிரான வன்முறையை நினைவுகூரும் நாள்.

மகள் வாசித்து முடித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. எங்கள் வேலியோரத்திலும், பள்ளிக்கூட வளவிலும், கோயில் வீதியிலும் துவக்குகள் வந்து போயின. யாருடைய துவக்கு என்பதல்ல இங்கே பேச்சு. அவற்றில் ஒன்றாவது, “அம்மா, உள்ளே வரலாமோ?” என்று எங்களைக் கேட்டு வந்ததில்லை. இங்கே ஒரு கடதாசி என்னைக் கேட்கிறது. “மாட்டேன்” என்று சொல்லும் உரிமையும் அதில் இருக்கிறது. அந்த உரிமை கையில் வந்தபிறகுதான், சொல்லலாமா வேண்டாமா என்று அமைதியாக யோசிக்க என்னால் முடிந்தது.

மூன்று நிபந்தனை வைத்தேன். முதலாவது, என் வீட்டுக்குள் வரும் பொருளைப் பற்றி நானும் அறியவேண்டும், ஆகவே நானும் பயிற்சிக்கு வருவேன். இரண்டாவது, எல்லாச் செலவும் என் சீட்டுக் காசு 2000 டொலருக்குள் முடியவேண்டும். ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் 250 டொலரில் கை வைக்கக்கூடாது. மூன்றாவது, ரவைப் பெட்டியின் திறப்பு என்னிடம் இருக்கும். அவர் மூன்றுக்கும் சம்மதித்தார்.

பயிற்சி வகுப்பில் எங்களோடு நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். சுடுவதைப் பற்றி அங்கே அதிகம் சொல்லித்தரவில்லை. சுடாமல் இருப்பதைப் பற்றித்தான் சொன்னார்கள். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே எண்ணவேண்டும். குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையை நோக்கவேண்டும். விசையில் விரல் படக்கூடாது. ரவை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யவேண்டும். வீட்டில் வைக்கும்போது ரவை இறக்கிப் பூட்டவேண்டும். ரவைகளையும் பூட்டி வைக்கவேண்டும். இருவரும் சித்தியடைந்தோம். அவருடைய படிவத்தில் நான் கையெழுத்து வைத்தேன். என்னுடையதில் அவர் வைத்தார்.

இனித் தெரிவு. பெரும்பாலான புது ஆட்களைப் போலவே அவரும் 900 மீற்றர் சுடக்கூடிய .308 என்ற பெரிய ரவைத் துவக்கையே மனதில் வைத்திருந்தார். அது 1952 முதல் சந்தையில் உள்ள, பெயர்பெற்ற ரவை. 2007 இல் வந்த 6.5 கிரீட்மோர் என்ற ரவை, தோளில் குறைவாக உதைக்கும், காற்றுக்கும் குறைவாக அசையும் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் அதன் குழல் .308 இன் குழலை விடக் கெதியாகத் தேயும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பின்லாந்தின் ரிக்கா, யப்பானின் ஹோவா என்று நல்ல துவக்குகளை எடுத்துக் காட்டினார்.

நான் ஊரில் தையல் செய்து பிழைத்தவள். தையல் மெசின் வாங்கும்போது மெசினின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. ஊசி, நூல், எண்ணெய், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அதன் விலை. அதே கணக்கை இங்கேயும் போட்டேன். நல்ல .308 போட்டி ரவை ஒன்று அன்று ஏறக்குறைய இரண்டரை டொலர். ஒருநாள் போய் 50 வெடி சுட்டால் 125 டொலர். மாதம் இரண்டு முறை போனால் 250. அது அம்மாவுக்கு அனுப்பும் காசு. .22 என்ற சிறிய ரவை ஒன்று ஏறக்குறைய 20 சதம். 50 வெடிக்கு 10 டொலர். கடைக்காரரின் முன்னாலேயே கடதாசியில் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “உங்கள் மனைவி சொல்வதுதான் சரியான வழி” என்றார்.

மலிவு என்பதற்காக மட்டும் அது சரியான வழி அல்ல. 50 மீற்றருக்குக் குறி சரிப்படுத்திய .22 ரவை, 200 மீற்றர் போகும்போது ஒரு மீற்றருக்கும் மேல் கீழே விழும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் ஏறக்குறைய அரை மீற்றர் தள்ளிப் போகும். .308 ரவை 900 மீற்றரில் அதே காற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் தள்ளிப் போகும். ஆகவே பெரிய துவக்கு 900 மீற்றரில் கற்பிக்கும் பாடத்தைச் சிறிய துவக்கு 200 மீற்றரில் மலிவாகக் கற்பிக்கிறது. தோளில் உதைப்பும் இல்லை. சத்தமும் குறைவு. அந்தக் கடைசிக் காரணம் எனக்குப் பெரிய காரணம்.

நாங்கள் தெரிந்தெடுத்தது, ஒவ்வொரு ரவையாகக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் சவேஜ் மார்க் ரூ. ஒன்ராறியோ மாகாணத்திலேயே லேக்ஃபீல்ட் என்ற சிற்றூரில் செய்யப்படுவது. தடித்த குழல் உள்ளதாகப் பார்த்தோம். கெதியாகச் சூடேறாது, ஆடாமல் நிற்கும். பார்க்கவேண்டியவை இன்னும் சில உண்டு. தோளில் அணைத்துக் கன்னத்தை வைத்தால் கழுத்தை நீட்டாமல் கண் நேராகக் கண்ணாடிக்கு வரவேண்டும். மற்றவரின் அளவுக்குத் தைத்த சட்டை எங்களுக்குப் பொருந்தாததுபோலத்தான் இதுவும். விசை, இழுபடாமல் சீராக விடுபடவேண்டும். பழைய துவக்கானால் குழலின் வாய் அடிபட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். முடிந்தால் ஒரே இலக்கில் ஐந்து வெடி சுட்டுக் காட்டச் சொல்லவேண்டும். ஒரு வெடி தற்செயலாகவும் நடுவில் படலாம்.

துவக்குக்கு நிகராக அதன்மேல் பூட்டும் தொலைநோக்குக் கண்ணாடிக்கும் காசு ஒதுக்கவேண்டும் என்று அந்த வயதானவர் சொல்லியிருந்தார். ஸ்கோப் என்று அதைச் சொல்வார்கள். அதன் குமிழைத் திருப்பித்தான் தூரத்துக்கும் காற்றுக்கும் ஏற்பக் குறியை மாற்றுவது. அளவு எளிது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு நிமிடம். ஒரு நிமிடம் 100 மீற்றரில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர், 200 மீற்றரில் 6. குமிழ் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கே வரவேண்டும். வராத ஸ்கோப் எவ்வளவு மலிவானாலும் வீண்காசு. .22 நெடுந்தூரம் சுடவேண்டுமென்றால், ஸ்கோப்பைத் தாங்கும் தட்டு முன்பக்கம் சற்றுச் சரிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் குமிழைத் திருப்ப இடம் போதாது.

எங்கள் கணக்கு இதுதான். துவக்கு 550 டொலர், ஸ்கோப் 450, அதன் பூட்டுகள் 60, இருவருக்கும் காது மூடிகள் 60, பாயும் மணல்பையும் தாங்கு காலும் 120, இரும்புப் பெட்டி 200, 1000 ரவை 200, கழகத்தின் வருடக் கட்டணம் 250. எல்லாம் 1890 டொலர். மிச்சம் 110 டொலரை மகனின் குளிர்ச்சப்பாத்துக்கு வைத்தேன்.

சுடுதளத்தில் இரண்டு விடயங்களில் நான் கண்டிப்பு. காது மூடி இல்லாமல் யாரும் நிற்கக்கூடாது. செல் சத்தத்தால் காது மந்தமான எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும். மற்றது, ரவையில் ஈயம் இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் கை முகம் கழுவி, உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தொடக்கூடாது.

முதல் நாள் போனபோது முதல் வெடிக்கே என் உடம்பு நடுங்கியது. கார் பக்கம் போய் இருந்துவிட்டு, நடுக்கம் நின்றதும் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் அந்த வயதானவர், காலில் நிறுத்திய தூரதர்சினி ஒன்றின் முன்னே என்னை இருத்தினார். அதனூடாகப் பார்த்தால் நிலத்தின் கானல் தெரியும். காற்றில்லாவிட்டால் கானல் நேராக மேலே கொதிக்கும். காற்று வந்தால் அது போகும் பக்கம் சாயும். தளத்தில் நிற்கும் சிறு கொடிகளையும் சேர்த்துப் பார்த்து, சுடுபவருக்குக் காற்றைச் சொல்லவேண்டும். நெடுந்தூரச் சுடுதலில் பாதி வேலை அதுதான் என்றார்.

காற்று எனக்குப் புதிதல்ல. ஐயா கடலுக்குப் போகமுன் விடியப்புறம் கரையில் நின்று சோளகமா, வாடையா, கச்சானா, கொண்டலா என்று முகத்தில் வாங்கிச் சொல்வார். தென்னோலையின் அசைவைப் பார்த்தே காற்று ஓயுமா வலுக்குமா என்று நாங்களும் சொல்லப் பழகினோம். “இப்ப சுடாதேங்கோ, காத்து மாறுது” என்று நான் சொன்னால் என் கணவர் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவார். நான் இன்னும் ஒரு வெடியும் சுடவில்லை. சுடும் எண்ணமும் இல்லை. காற்றைச் சொல்கிறேன், போதும்.

ஒரு வருடம் போய்விட்டது. இப்போது 200 மீற்றரில் அவருடைய வெடிகள் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குள் விழுகின்றன. பெரிய துவக்கைப் பற்றி மெல்லக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த சீட்டு விழட்டும், கணக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். துவக்கு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ரவைப் பெட்டியின் திறப்பு என்னிடம் இருக்கிறது. மகனுக்கு அது அப்பாவும் அம்மாவும் இல்லாமல் தொடக்கூடாத பொருள் என்று தெரியும்.

சகோதரிகளே, எங்கள் ஊரில் பெண்ணின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லமுடியாது. நுண்கடன் கொடுக்க வருபவர்கள் முதலில் தேடுவது எங்கள் கையெழுத்தைத்தான். கிழமைக் கட்டுக்காசு, குழுப் பிணை, லீசிங் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் எங்கள் பெயர் இருக்கிறது. கடனைச் சுமக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்குள் என்ன வரவேண்டும், வரக்கூடாது என்று தீர்மானிக்கக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நாங்கள் சொல்லலாம். கையெழுத்து வைக்கும் முன், அந்தக் கடதாசியைப் பிள்ளையைக் கொண்டாவது வரிவரியாக வாசிப்பியுங்கள். பொருளைப் பற்றிப் போய் அறியுங்கள். முழுச் செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் நிபந்தனைகளை வாய்திறந்து சொல்லுங்கள். அதன் பிறகு வைப்பதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே சொல்லுங்கள்.